இருட்டு வட்டம் எங்கே முடிகிறது? ஜெல் துகள்களின் ஒட்டுதலை நுண்ணோக்கிப் படத்திலிருந்து அளப்பது

பாயசத்துக்கு வேகவைத்த ஜவ்வரிசியில் ஒன்றை எடுத்து, கழுவித் துடைத்த கண்ணாடித் தட்டில் வையுங்கள். வேகாத ஜவ்வரிசி என்றால் உருண்டு ஓடிவிடும். வெந்தது ஓடாது. அடிப்பக்கம் கொஞ்சம் தட்டையாகி உட்கார்ந்துகொள்ளும். தட்டைச் சாய்த்தாலும் சட்டென்று விழாது. இப்போது தட்டைத் தூக்கிப் பிடித்து அடியிலிருந்து பாருங்கள். முத்து கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் தெரியும். முத்து மெத்தென்று இருக்க இருக்க வட்டம் பெரிதாகும். கண்ணாடியோடு அது நன்றாக ஒட்ட ஒட்ட இன்னும் பெரிதாகும்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த வட்டத்தைப் பற்றியதுதான். முத்தை மட்டும் நூறில் ஒரு பங்காகச் சுருக்கிக்கொள்ளுங்கள். 4 மில்லிமீட்டர் ஜவ்வரிசிக்குப் பதில் 40 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஜெல் உருண்டை. தலைமுடித் தடிமனைவிடச் சிறியது. அது தண்ணீருக்குள் மெல்ல இறங்கி, ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் அமர்கிறது. நாம் நுண்ணோக்கியை அடியில் வைத்து, தொடும் வட்டத்தைப் படம் எடுக்கிறோம். அந்த வட்டத்தின் ஆரம் தெரிந்தால், துகளுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒட்டுதல் எவ்வளவு என்பதை எண்ணாகச் சொல்லிவிடலாம். துகளைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. எந்தக் கருவியும் அதைத் தொடக்கூட வேண்டாம்.

ஏன் இதை அளக்க வேண்டும்? சிறுநீர்ப்பையில் தொற்று உண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உடலைச் சுற்றியுள்ள மயிரிழை போன்ற நீட்சிகளின் நுனியில் ஒரு புரதம் இருக்கிறது. நம் செல்களின் மேற்பரப்பில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையை அந்தப் புரதம் பிடித்துக்கொள்ளும். சிறுநீர் ஓட்டம் அடித்துக்கொண்டு போகாமல் பாக்டீரியா தங்குவது அந்தப் பிடியால்தான். பிடியைத் தளர்த்தும் மருந்து ஒன்றைத் தேட வேண்டுமானால், முதலில் பிடி எவ்வளவு என்று அளக்கத் தெரிய வேண்டும். இதற்குப் பரிசோதனைச்சாலையில் ஒரு எளிய மாதிரி உண்டு. பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பொருளால் ஆன ஜெல் துகளின் மேல் மேனோஸைக் கோத்துவிடுவார்கள். கண்ணாடியின் மேல் கான்கனவாலின் ஏ என்ற புரதத்தைப் பூசுவார்கள். சர்க்கரையைப் பிடிக்கும் இந்தப் புரதத்தை ஜேம்ஸ் சம்னர் 1919இல் ஜாக் பீன் என்ற அவரை விதையிலிருந்து பிரித்தெடுத்தார். நம் ஊரில் வேலியில் படரும் வாளவரையும் அந்தச் செடியும் அக்கா தங்கை உறவு. இந்தக் கட்டுரையில் நாம் கூடவே எடுத்துச்செல்லப் போவது இந்த மாதிரியைத்தான்: மேனோஸ் போர்த்திய ஜெல் உருண்டை, அவரைப் புரதம் பூசிய கண்ணாடி.

வரவும் செலவும்

துகள் ஏன் தட்டையாகிறது? கனத்தாலா? இல்லை. ஜவ்வரிசிக்கு அதன் எடை கொஞ்சம் உதவும். ஆனால் 40 மைக்ரோமீட்டர் ஜெல் உருண்டையில் பெரும்பகுதி தண்ணீரே. தண்ணீருக்குள் அதன் மிச்ச எடை, இங்கே பேசப்போகும் ஒட்டுவிசையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். துகளைத் தட்டையாக்குவது ஒட்டுதலே.

இதை வீட்டு வரவு செலவுக் கணக்கு மாதிரிப் பார்க்கலாம். துகளின் பரப்பில் ஒவ்வொரு சிறு பகுதி கண்ணாடியோடு ஒட்டும்போதும் கொஞ்சம் ஆற்றல் வரவாகிறது. ஒரு சதுர மீட்டர் ஒட்டினால் எத்தனை ஜூல் வரவு என்பதுதான் ஒட்டு ஆற்றல். அதே சமயம், உருண்டையாக இருக்க விரும்பும் துகளைத் தட்டையாக்க ஆற்றல் செலவாகிறது. வட்டம் சிறியதாக இருக்கும்போது வரவு முந்துகிறது, வட்டம் வளர்கிறது. வளர வளரச் செலவு வேகமாக ஏறுகிறது. ஓரிடத்தில் இரண்டும் சரிக்கட்டி நிற்கும். அங்கே வட்டமும் நின்றுவிடும்.

இந்தக் கணக்கின் முதல் பாதியைப் போட்டவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். பின்னாளில் ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்த அதே ஹெர்ட்ஸ்தான். 1880 கிறிஸ்துமஸ் விடுமுறையில், பெர்லினில், 23 வயதில் இதில் இறங்கினார். இரண்டு கண்ணாடி வில்லைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தினால் இடையில் வண்ண வளையங்கள் தெரியும். அழுத்தும் விசையால் வில்லைகளே கொஞ்சம் வளைந்து வளையங்களை மாற்றிவிடுகின்றனவா என்ற கேள்விதான் அவரை இழுத்தது. அவர் கணக்கில் அழுத்தம் உண்டு, ஒட்டுதல் இல்லை. 90 ஆண்டுகள் கழித்து, 1971இல், கென்னத் ஜான்சன், கெவின் கெண்டல், ஆலன் ராபர்ட்ஸ் மூவரும் அதில் ஒட்டுதலைச் சேர்த்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்க அவர்கள் எடுத்தவை ரப்பர் உருண்டைகளும் ஜெலட்டின் உருண்டைகளும். ஜெலட்டினும் ஒரு ஜெல்தான். இன்று நாம் மைக்ரோமீட்டர் அளவில் செய்வதை அவர்கள் கையில் பிடிக்கும் அளவில் செய்திருக்கிறார்கள்.

வெளியிலிருந்து யாரும் அழுத்தாதபோது அவர்கள் தந்த சூத்திரம் இது:

தொடுவட்ட ஆரத்தின் மும்மடி = 4.5 × பை × ஒட்டு ஆற்றல் × துகள் ஆரத்தின் இருமடி × (1 − பாய்சான் விகிதத்தின் இருமடி) ÷ யங் குணகம்

மும்மடி என்றால் ஓர் எண்ணை மூன்று தடவை எழுதிப் பெருக்குவது, இருமடி என்றால் இரண்டு தடவை. பை என்பது வட்டக் கணக்கில் வரும் 3.14. யங் குணகம் என்பது பொருளின் விறைப்பு. பாய்சான் விகிதம், ஒரு திசையில் அழுத்தினால் பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்கும் என்பதைச் சொல்வது. ஜெல்லுக்கு அதை ஏறக்குறைய 0.5 என்று வைத்துக்கொள்ளலாம். எண்களைப் போட்டுப் பார்ப்போம். துகள் ஆரம் 20 மைக்ரோமீட்டர், யங் குணகம் 30 கிலோபாஸ்கல், ஒட்டு ஆற்றல் சதுர மீட்டருக்கு 0.1 மில்லிஜூல். தொடுவட்ட ஆரம் 2.4 மைக்ரோமீட்டர் என்று வரும். ஒளி நுண்ணோக்கியில் தாராளமாகத் தெரியக்கூடிய அளவு.

ஜெல்லுக்குப் பதில் அதே அளவு கண்ணாடி உருண்டையைப் போட்டால்? கண்ணாடியின் யங் குணகம் சுமார் 70 கிகாபாஸ்கல், ஜெல்லைப்போல 20 லட்சம் மடங்குக்கும் மேல். அதே ஒட்டு ஆற்றலுக்குத் தொடுவட்டம் சுமார் 25 நானோமீட்டராகச் சுருங்கிவிடும். எந்த ஒளி நுண்ணோக்கிக்கும் அது எட்டாது. ஜெல்லைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான். மென்மை இங்கே ஓர் உருப்பெருக்கி. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுதலை, கண்ணுக்குத் தெரியும் வட்டமாக அது மாற்றித் தருகிறது.

அந்தச் சூத்திரத்தில் உள்ள "மும்மடி" என்ற சொல்லை மட்டும் மனதில் வையுங்கள். அது திரும்ப வரும்.

வளையங்கள்

சாதாரண வெளிச்சத்தில் ஜெல் துகளைப் பார்த்தால் தொடுவட்டம் தெரியாது. ஜெல்லும் தண்ணீரும் ஒளிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் வெளிச்சத்தை அடியிலிருந்து அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்கிறோம். பச்சை ஒளி, 530 நானோமீட்டர் அலைநீளம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியும் தண்ணீரும் சேரும் இடத்தில் ஒரு பங்கு திரும்புகிறது. மீதி தண்ணீரைக் கடந்து, ஜெல்லின் அடிப்பரப்பில் பட்டு, அங்கிருந்து இன்னொரு பங்கு திரும்புகிறது. இரண்டும் சந்திக்கும்போது, இரண்டாவது கடந்துவந்த கூடுதல் தூரத்தைப் பொறுத்து ஒன்றையொன்று வலுப்படுத்தும் அல்லது அழிக்கும். தண்ணீர் இடைவெளி 200 நானோமீட்டர் கூடும்போதெல்லாம் இருட்டு, வெளிச்சம், மறுபடி இருட்டு என்று ஒரு சுற்று முடியும். துகள் உருண்டை என்பதால் சம இடைவெளியுள்ள இடங்கள் வட்டமாக அமைகின்றன. ஆகவே வளையங்கள். நியூட்டன் இவற்றைக் கவராயத்தால் அளந்தார். அதனால் இன்றும் நியூட்டன் வளையங்கள் என்றே பெயர்.

நடுவில், இடைவெளி பூஜ்யமாகும் இடத்தில், வெளிச்சம் இருக்கும் என்றுதான் தோன்றும். இருப்பது இருட்டு. கண்ணாடியிலிருந்து தண்ணீருக்குப் போகும் எல்லையில் திரும்பும் அலை அப்படியே திரும்புகிறது. தண்ணீரைவிட ஒளிவிலகல் எண் கொஞ்சம் அதிகமான ஜெல்லில் பட்டுத் திரும்பும் அலையோ தலைகீழாகிவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்கின்றன. எனவே தொடும் இடம் ஒரு கருவட்டம், சுற்றிலும் வளையங்கள்.

1964இல் ஆடம் கர்ட்டிஸ் கோழிக்குஞ்சின் இதய செல்கள் கண்ணாடியில் எப்படி ஒட்டியிருக்கின்றன என்று பார்க்க இதே முறையைத்தான் கையாண்டார். பார்வைக்கு அழகானது, ஆனால் பலவீனமானது. கண்ணாடி-தண்ணீர் எல்லை, தன்மேல் விழும் ஒளியில் ஆயிரத்தில் 4 பங்கைத் திருப்புகிறது. தண்ணீர்-ஜெல் எல்லை பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்புவதில்லை. இரண்டும் சமமில்லாததால் வளையங்கள் மங்கல். நுண்ணோக்கியின் வில்லைகளிலிருந்தே திரும்பும் வேண்டாத ஒளி வேறு மூடிமறைக்கும். 1975இல் ப்ளோம் என்பவர் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை அதிரும் திசையை, பயன்படுத்தி அந்த வேண்டாத ஒளியை வடிகட்டும் ஏற்பாட்டைச் செய்தார். அதற்குப் பிறகும் கணினித் திரையில் நாம் பார்ப்பது, சாம்பல் நிறப் புள்ளிகளின் இரைச்சலுக்கு நடுவே லேசாகத் தெரியும் வளையங்கள்தான்.

கையால் அளந்த காலம்

நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டபோது மவுஸால் வட்டம் வரைந்துதான் அளந்தேன். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, கருவட்டத்தின் மேல் ஒரு வட்டத்தை இழுத்துப் பொருத்தி, ஆரத்தைக் குறித்துக்கொள்வேன். நாள் முழுக்க அதே வேலை. ஒருமுறை சந்தேகம் வந்து, பழைய படங்களைப் பெயர் மறைத்துக் கலைத்துப் போட்டு, மறுபடி அளந்தேன். இரண்டாம் முறை வட்டங்கள் ஒரே பக்கமாகச் சற்றுப் பெரிதாக வந்தன. படம் மாறவில்லை. திரையின் வெளிச்ச அளவு மாறியிருந்தது, அவ்வளவுதான். "கருப்பு முடியும் இடம்" என்று கண் எடுத்த முடிவும் அதோடு நகர்ந்துவிட்டது. ஆய்வகத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த தோழி அதே படங்களை அளந்தபோது மூன்றாவது விடை வந்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம்? நூறு மடங்கு உருப்பெருக்கும் வில்லையும், 6.5 மைக்ரோமீட்டர் பிக்சல் உள்ள கேமராவும் இருந்தால், படத்தில் ஒரு பிக்சல் 65 நானோமீட்டர். நம் 2.4 மைக்ரோமீட்டர் ஆரம் 37 பிக்சல். கை 3 பிக்சல் தள்ளி வரைந்துவிட்டால் 40. ஆரத்தில் 8 சதவீதப் பிழை. ஆனால் ஒட்டு ஆற்றல் மும்மடியில் வருகிறது. 40ஐ 37ஆல் வகுத்து மும்மடி எடுத்தால் 1.26. திரையில் நகம் அளவுகூட இல்லாத நகர்வு, விடையில் 26 சதவீதம்.

கணினியிடம் இந்த வேலையைக் கொடுப்பதற்கு எல்லோரும் வேகத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். வேகம் நல்லதுதான். என்னைக் கேட்டால், முக்கியக் காரணம் அது இல்லை. முதல் துகளுக்கும் ஐந்நூறாவது துகளுக்கும் ஒரே விதி, காலையிலும் மாலையிலும் ஒரே விதி. அந்த விதி எழுத்தில் இருக்கும், இன்னொருவர் படித்துப் பார்த்துத் தப்பு என்று சொல்லலாம். என் கண் எடுத்த முடிவை யாரும் படித்துப் பார்க்க முடியாது.

நிரல் படிப்படியாகச் செய்வது

முதலில் வெளிச்சத்தைச் சமப்படுத்த வேண்டும். துகள் எதுவும் இல்லாத இடத்தில் ஒரு படம் எடுத்து, எல்லாப் படங்களையும் அதனால் வகுத்துவிட்டால், ஓரம் மங்கல் நடு பிரகாசம் என்ற வேறுபாடு போய்விடும். தூசி நிழலும் போய்விடும்.

அடுத்து மையத்தைக் கண்டுபிடிப்பது. இதற்கு ஹஃப் உருமாற்றம் என்ற பழைய உத்தி இருக்கிறது. பால் ஹஃப் 1962இல் காப்புரிமை பெற்றார். அணுவைவிடச் சிறிய துகள்கள் குமிழி அறை என்ற கருவியில் விட்டுச்செல்லும் தடங்களைப் படங்களிலிருந்து கணினி தானாகக் கண்டுபிடிப்பதற்காக உருவானது அது. வட்டங்களுக்கு அது வேலைசெய்யும் விதம் தேர்தல் மாதிரி. படத்தில் வெளிச்சம் சட்டென மாறும் ஒவ்வொரு பிக்சலும் ஒரு வாக்காளர். வட்டத்தின் விளிம்பில் உள்ள பிக்சலுக்கு மையம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு தூரம் என்று தெரியாது. எனவே அந்தத் திசையில் உள்ள கோடு முழுக்க ஓட்டுப் போடுகிறது. எல்லாக் கோடுகளும் வெட்டும் புள்ளிக்கு ஓட்டுகள் குவியும். வேறு படங்களில் ஒரு வட்டத்துக்கு ஒரு விளிம்புதான். இங்கே பத்துப் பதினைந்து வளையங்கள், எல்லாம் ஒரே மையத்துக்கு ஓட்டுப் போடுகின்றன. அதனால் படம் மங்கலாக இருந்தாலும் மையம் பளிச்சென்று கிடைத்துவிடும்.

மையம் கிடைத்த பிறகு நடப்பதுதான் எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம். மையத்திலிருந்து சம தூரத்தில் உள்ள எல்லா பிக்சல்களின் வெளிச்சத்தையும் சராசரி எடுக்கிறோம். 40 பிக்சல் ஆரமுள்ள வட்டத்தின் மேல் சுமார் 250 பிக்சல்கள் இருக்கின்றன. 250ஐச் சராசரி எடுத்தால் இரைச்சல் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகக் குறையும். கண்ணுக்கு வெறும் சாம்பல் நிறத் தூறலாகத் தெரிந்த படம், வரைபடத்தில் வழவழப்பான அலையாக எழுந்து வரும். நடுவில் ஒரு பள்ளம், பிறகு மேடு, பள்ளம், மேடு. வெளியே போகப் போக அலைகள் நெருங்கும். கண்ணால் பார்த்தபோது நான்கு வளையங்களைத் தாண்டி எண்ண முடியாத படத்தில், இப்போது பன்னிரண்டை எண்ணலாம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மையம் சரியாக இருக்க வேண்டும். நம் துகளுக்கு எட்டாவது, ஒன்பதாவது இருட்டு வளையங்களுக்கு இடையே சுமார் 7 பிக்சல்தான். மையம் 3 பிக்சல் தள்ளிப்போனால் சராசரியில் மேடும் பள்ளமும் கலந்து வெளிவளையங்கள் அழிந்துவிடும். இதையே சோதனையாகத் திருப்பிக்கொள்ளலாம். மையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்து, வெளிவளையங்கள் எங்கே மிகத் தெளிவாக எழுகின்றனவோ அங்கேயே நிறுத்த வேண்டும். இப்படிச் செய்தால் மையத்தை ஒரு பிக்சலுக்கும் குறைவான துல்லியத்தில் பிடிக்கலாம்.

வளையங்களிலிருந்து துகளின் ஆரமும் கிடைக்கும். ஒவ்வொரு இருட்டு வளையத்தின் ஆரத்தையும் இருமடியாக்கி, வளைய எண்ணுக்கு எதிராக வரைந்தால், தள்ளியுள்ள வளையங்கள் நேர்கோட்டில் விழும். கோட்டின் சாய்விலிருந்து துகள் ஆரம். சாதாரண வெளிச்சத்தில் துகளின் நடுவயிற்றில் குவித்து எடுத்த படத்திலும் ஆரத்தை அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்லது.

எங்கே வழுக்கும்

இப்போது கருவட்டத்துக்கு வருவோம். தொடங்குபவர்கள் எல்லோரும் செய்ய நினைப்பது இதுதான்: ஒரு வெளிச்ச அளவைக் கோடாக வைத்து, அதைவிட இருட்டானதெல்லாம் தொடுவட்டம் என்று எண்ணிவிடுவது. அந்தக் கோட்டைத் தானாகத் தேர்ந்தெடுக்க 1979இல் நொபுயுகி ஒட்சு தந்த முறை எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்து என்றால் அது அற்புதமாக வேலைசெய்யும். இங்கே ஏமாற்றிவிடும்.

காரணம், இருட்டு என்றால் தொடுதல் என்று அர்த்தமில்லை. துகளுக்கும் கண்ணாடிக்கும் இடையே 20 நானோமீட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடவில்லை. ஆனால் அந்த இடத்தின் வெளிச்சம், முழு இருட்டுக்கும் முழு வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் 10 சதவீதம்தான் ஏறியிருக்கும். படத்தில் அதுவும் கருப்பாகவே தெரியும்.

கொஞ்சம்கூட ஒட்டாத துகளை எடுத்துக்கொள்வோம். 20 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள முழு உருண்டை, கண்ணாடியை ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு நிற்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து ஒரு மைக்ரோமீட்டர் தள்ளி இடைவெளி எவ்வளவு? 25 நானோமீட்டர். வெளிச்சம் 15 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. ஆக, எதையும் ஒட்டாத அந்த உருண்டையின் படத்திலும் ஒரு மைக்ரோமீட்டர் ஆரத்துக்குக் கருவட்டம் இருக்கும். கோடு போடும் நிரல் அதைத் தொடுவட்டம் என்று எடுத்து, சூத்திரத்தில் போட்டு, சதுர மீட்டருக்கு 0.007 மில்லிஜூல் ஒட்டு ஆற்றல் என்று பதில் சொல்லும். இல்லாத ஒட்டுதலுக்கு மூன்று தசம இடத்தில் ஒரு விடை. பலவீனமான பிடிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வில் இந்தப் பொய் எண் உண்மையான வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

இதிலிருந்து தப்ப வழி, கருவட்டத்தை மட்டும் பார்க்காமல் வளையங்களையும் சேர்த்துக் கேட்பது. தொடுவட்டம் பெரிதாகும்போது வளையங்கள் இருக்கும் இடம் மாறுகிறது. எனவே நிரல் ஒரு தொடுவட்ட ஆரத்தை ஊகித்து, அந்த ஆரத்துக்கு ஜான்சன்-கெண்டல்-ராபர்ட்ஸ் கோட்பாடு சொல்லும் துகள் வடிவத்தை வரைந்து, அந்த வடிவம் எந்த வளையங்களைத் தரும் என்று கணக்கிட்டு, அளந்த அலையோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் ஆரத்தை மாற்றி மறுபடி. முதல் மேடும் முதல் இருட்டு வளையமும் சரியாக உட்காரும்வரை இது தொடரும். இங்கே விளிம்பை முடிவுசெய்வது ஒரு பிக்சலின் கருமை அல்ல, அலை முழுவதும். நுண்ணோக்கிக்குள் ஒளி செங்குத்தாக மட்டும் வருவதில்லை, கூம்பாக விரிந்து வருகிறது. அதனால் வெளிவளையங்கள் மங்கும். அந்தத் திருத்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் வேறொரு நிற ஒளியில் இரண்டாவது படம் எடுக்கலாம். உண்மையாகத் தொடும் இடம் இரண்டு நிறத்திலும் இருட்டாக இருக்கும். தொடாத இடத்தில் இருட்டு வளையங்கள் நிறத்துக்கு நிறம் இடம் மாறும்.

ஒரு துகளை வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஒரே தகட்டில் 10 மைக்ரோமீட்டர் ஆரம் முதல் 40 வரை பல அளவில் துகள்கள் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் தொடுவட்ட ஆரத்தின் மும்மடியை, துகள் ஆரத்தின் இருமடிக்கு எதிராக வரையுங்கள். சூத்திரம் சரியென்றால் புள்ளிகள் தொடக்கப் புள்ளி வழியாகச் செல்லும் நேர்கோட்டில் விழ வேண்டும். கோட்டின் சாய்வில் ஒட்டு ஆற்றல் இருக்கிறது. யங் குணகம் மட்டும் தனியாக, அணுவிசை நுண்ணோக்கியால் சில துகள்களை அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வது. கோடு தொடக்கப் புள்ளிக்கு மேலே வெட்டுகிறது என்றால், சின்னத் துகள்களின் கருவட்டத்தை நிரல் பெரிதாக எடுக்கிறதோ என்று பாருங்கள். ஒரு புள்ளி மட்டும் தனியே பறந்தால் அந்தப் படத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு துகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது அடியில் தூசி இருக்கும்.

செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிட்டால் என்ன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் உருவான யூ-நெட் என்ற நரம்பு வலைப்பின்னல், நுண்ணோக்கிப் படத்தில் பொருளைப் பிரித்தெடுப்பதில் மிகவும் திறமையானது. நூற்றுக்கணக்கான படங்களில் துகள் எங்கே, எது ஒட்டிக்கொண்ட ஜோடி, எது குவியம் தப்பியது என்று பிரிக்க அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். தொடுவட்டத்தின் விளிம்பை மட்டும் அதனிடம் விட எனக்கு மனம் வரவில்லை. மனிதர்கள் வரைந்து கொடுத்த வட்டங்களைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. நான் அன்று திரை வெளிச்சத்துக்கேற்ப வரைந்த வட்டங்களைக் கொடுத்தால், என் பிழையை அது அலுப்பில்லாமல் ஆயிரம் முறை செய்யும். அதற்குப் பாடம் சொல்லித்தர வேண்டுமானால், தொடுவட்ட ஆரம் இவ்வளவு என்று நாமே நிர்ணயித்துக் கணினியில் உருவாக்கிய வளையப் படங்களைக் கொண்டு சொல்லித்தர வேண்டும். கொஞ்சம் இரைச்சலைத் தூவிவிட்டால் போதும். விடை நமக்கு முன்பே தெரியும் என்பதால், கற்றதைச் சோதிக்கவும் முடியும். நரம்பு வலைப்பின்னல் இல்லாத நிரலுக்கும் இதே சோதனையைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

செயற்கைப் படத்தில் தேறிய பிறகு, உண்மையான படத்தில் வைக்கும் முதல் சோதனை ஒட்டாத துகள்தான். அவரைப் புரதம் பூசிய அதே கண்ணாடி, மேனோஸ் போர்த்திய அதே துகள். தண்ணீரில் மட்டும் தாராளமாக மேனோஸைக் கரைத்துவிடுங்கள். புரதத்தின் பிடிகளை எல்லாம் கரைந்த சர்க்கரையே நிரப்பிவிடும், துகளுக்கு இடம் இருக்காது. படத்தில் அப்போதும் கருவட்டம் தெரியும், சுற்றிலும் வளையங்கள் தெரியும், பார்த்தால் ஒட்டியது போலவே இருக்கும். நுண்ணோக்கி மேடையின் ஓரத்தை விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். வளையங்கள் எல்லாம் ஒன்றாக, கருவட்டத்தையும் இழுத்துக்கொண்டு, திரையின் குறுக்கே வழுக்கிப் போகும். அந்தத் துகளுக்கு உங்கள் நிரல் என்ன எண் சொல்கிறது என்று பாருங்கள்.